பரமேஸ்வரி அக்கா பார்த்திருக்க ஒரு நீலக்கல் மோதிரம்

பட்டறையில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் உங்களிடம் முதலில் ஒரு கேள்வி. பக்கத்தில் ஒருவர் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்களால் ஊசியில் நூல் கோக்க முடியுமா? முடியும் என்று சட்டென்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. முடியாது என்பவர்கள் வெட்கப்படவேண்டாம். எனக்கும் முடியாமல்தான் இருந்தது. நம் சனத்துக்கு நகை செய்வதென்றால் அந்த ஊசியைக் கோத்தேயாக வேண்டும், அதனால்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

நான் பரம்பரையாக இந்தத் தொழிலுக்கு வந்தவள் அல்ல. இந்த இங்கிலீஷ் நாட்டுக்கு வந்து, வெஸ்ட் ஈலிங்கில் நம்மவர் ஒருவரின் நகைக்கடையில் சாமான் எடுத்துக் காட்டும் வேலைக்குத்தான் சேர்ந்தேன். பின்னறையில் அறுந்த சங்கிலி ஒட்டிக்கொண்டிருந்தவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, நீங்கள் கொஞ்சம் பாருங்கோ என்றார். அந்தக் ‘கொஞ்சம்’ நான் ஓய்வு பெறும்வரை நீண்டது. தோட்டின் பின்திருகுச் சுரை, தாலிக்கொடிக் கொழுவி, நசிந்த காப்பு என்று இருபத்திரண்டு கரட் தங்கத்தோடுதான் என் காலம் போனது.

எங்கள் முதலாளி நல்ல மனிதர். அவருக்கு ஒரேயொரு வியாதி. யார் வந்து எதைக் கேட்டாலும், ‘ஓம், செய்யலாம்’ என்பார். நல்லூர்க் கோயில் தேரைச் சின்னதாக்கி ஒரு மூக்குத்தியில் வைத்துத் தர ஏலுமோ என்று கேட்டாலும் அதே பதில்தான். சொல்லிவிட்டு உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்த வியாதியால்தான் நான் கிளோ செட்டிங், அதாவது நகம் வைத்துக் கல் பதிப்பது, பழகினேன். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கல்லைச் சுற்றித் தங்கத்தகடு கட்டி மூடுவது பிடிக்காது. வெள்ளி வேண்டும், கல் மேலே தூக்கி நிற்கவேண்டும், கீழாலும் வெளிச்சம் போகவேண்டும். அதற்கு நான்கு மெல்லிய கால்கள் கல்லைச் சுற்றி நின்று, நுனியை வளைத்து அதைப் பிடித்திருக்கும். நான் அவற்றை நகம் என்று சொல்லிப் பழகிவிட்டேன். பூனை எலியைப் பிடித்திருப்பது போல நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளி எல்லோருக்கும் ஓம் சொல்லி முடித்திருந்தார். கடையில் அது தெரிந்த ஒருவர்கூட இல்லை.

நான் குடியிருப்பது லூயிஷாமில். வீட்டுக்குக் கிட்ட ஒரு மாலை வகுப்பு இருந்தது, போய்ச் சேர்ந்தேன். கற்றுத்தந்த பெண் என் மகளைவிட இளையவள். தலைமயிர் கிளிப்பச்சை, கையில் முழங்கைவரை பாம்புப் படம். முதல் நாள் அவளைக் கண்டதும் இவளிடம் நான் என்ன பழகப்போகிறேன் என்று உதட்டைப் பிதுக்கினேன். முதல் வாரமே பிதுக்கிய உதடு உள்ளே போய்விட்டது.

தங்கக்காரிக்கு வெள்ளி ஒத்துவராது. தங்கத்தில் ஒட்டவேண்டிய இடத்துக்கு மட்டும் நெருப்பைக் காட்டலாம், அது அந்த இடத்தோடு நிற்கும். நான் அதே பழக்கத்தில் நகத்தின் அடியில் நெருப்பைப் பிடித்தேன். வெள்ளி அந்தச் சூட்டை வாங்கி ஊருக்கெல்லாம் பங்கு கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தது. ஒட்டுவதற்கு வைத்த பற்று உருகவில்லை. இன்னும் பிடித்தேன். பற்றுக்கு முன்னால் நகங்கள் உருகின. நான்கும் நான்கு மிளகாய் விதையளவு உருண்டையாகி உட்கார்ந்துவிட்டன. பச்சைத்தலை எட்டிப் பார்த்து, ‘அகெய்ன்’ என்றாள். அவளிடம் எனக்குக் கிடைத்த பாராட்டு, கண்டனம், ஆறுதல் எல்லாம் அந்த ஒரே சொல்தான்.

எத்தனை அகெய்ன் என்று கேட்காதீர்கள். வெள்ளியை முழுதாகச் சூடாக்கவேண்டும், எல்லா இடமும் ஒரே நிறத்துக்கு வந்தபிறகுதான் ஒட்டும் இடத்தைக் கவனிக்கவேண்டும் என்று என் கை புரிந்துகொள்ள ஒரு பனிக்காலம் போயிற்று. பிறகு கண்ணாடிக் கல்லை வைத்துப் பதிக்கப் பழகினேன். தள்ளுகோலால் ஒரு நகத்தைக் கொஞ்சம் தள்ளினால் அடுத்ததாக அதற்கு எதிரே உள்ள நகத்தைத் தள்ளவேண்டும். ஒரே பக்கத்தில் அழுத்தினால் கல் சாய்ந்து, சமயம் பார்த்துப் பாய்ந்துவிடும். முடிந்ததும் மோதிரத்தைக் காதோடு பிடித்து விரலால் தட்டிக் கேட்கவேண்டும். உள்ளே ‘டிக்’ என்றால் கல் ஆடுகிறது. கடைசியாக ஒரு பழைய நைலோன் காலுறையில் தேய்க்கவேண்டும், நூல் இழுபட்டால் நகநுனி சரியில்லை. அந்த வகுப்பில் நான் கிழித்த காலுறைகளை வைத்து ஒரு கடை போடலாம்.

இந்த நேரத்தில்தான் மோர்டனிலிருந்து பரமேஸ்வரி அக்கா வந்தார். அவருடைய மகன் ஐடி வேலை செய்கிற, சம்பாதிக்கிற, முப்பது தாண்டிய மனிதர். கார் ஓட்டும் சோதனையில் மட்டும் பாஸாக மாட்டார். பழக்கிய மாஸ்டர்மார் மாறினார்கள், கார்கள் மாறின, முடிவு மாறவில்லை. அக்கா சாத்திரியாரிடம் போனார். சாத்திரியார் குறிப்பைப் பார்த்து ஏழரைச் சனி என்றார். நீலக்கல்லை வெள்ளியில் பதித்து, சனிக்கிழமை காலையில் கோயிலில் வைத்து நடுவிரலில் போடச் சொன்னார். அடுத்த கிழமை மகனுக்கு மறுபடியும் சோதனை இருந்தது.

கல்லைக் கொழும்பிலிருந்து அக்காவின் தம்பி அனுப்பியிருந்தார். நீலம் விளையாட்டுக் கல் அல்ல என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆளையே புரட்டிப் போட்டுவிடும் என்று நம்மவர் பயப்படுவார்கள், அதனால் முதலில் தலையணைக்குக் கீழே வைத்துச் சோதிப்பார்கள். அக்கா மகனுக்குச் சொல்லாமல் அவருடைய தலையணைக்குக் கீழே வைத்துவிட்டார். அந்தக் கிழமை வீட்டில் பாய்லர் பழுதாகிவிட்டது. கல் கூடாதோ என்று அக்கா கலங்கிப்போனார். ஆனால் கவுன்சிலுக்குப் போன் அடித்துச் சொன்னதும் அன்று பின்னேரமே ஆட்கள் வந்து திருத்திவிட்டுப் போனார்களாம். எதற்கும் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் கவுன்சில் அன்றைக்கே வந்ததென்றால் கல் ஒத்துக்கொண்டுவிட்டது என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும் என்று அக்கா எங்களைக் கேட்டார்.

அக்காவுக்கு இரண்டு நிபந்தனைகள் இருந்தன. கல்லின் அடி மகனின் தோலில் முட்டவேண்டும், முட்டினால்தான் சனி பகவானுக்குத் தெரியும். இரண்டாவது நிபந்தனையை முதலாளியைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார்.

“கல்லு என்ர கண்ணை விட்டு அங்கால போகப்படாது. நீர் பதியும், நான் பக்கத்தில இருந்து பாக்கிறன்.”

இதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊரிலும் அப்படித்தான், நகைக்குக் கொடுத்தவர்கள் பத்தர் முன்னால் பாய் போட்டு உட்கார்ந்து பார்த்திருந்துதான் வாங்கிப் போவார்கள். கல்லை மாற்றிவிடுவார்கள் என்ற பயம் கடல் கடந்தும் நம்மோடு வந்துவிட்டது. முதலாளி இரண்டுக்கும் ஓம் சொன்னார்.

அன்று மாலை வகுப்பில் பச்சைத்தலையிடம் கல் ஏன் விரலில் முட்டவேண்டும் என்று விளக்கவேண்டியதாயிற்று. கல்லைத் தூக்கி வைக்கத்தானே இந்த வேலையே, நீ ஏன் இறக்கக் கேட்கிறாய் என்றாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சனியனை வர்ணித்தேன். அவள் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, தன் பிறந்த நேரத்தைச் சொல்லித் தனக்கு என்ன கல் என்று கேட்டாள். அதன்பிறகு இரண்டு பேருமாகக் கல் உட்காரும் கூட்டைத் தாழ்த்திச் செய்து, கல்லின் கூர் விரலில் குத்தாமல் முட்டும்படி அளவு கண்டுபிடித்தோம். வளையத்தையும் நகங்களையும் நானே ஒட்டினேன். ஒரு நகமும் உருகவில்லை. அவள் பார்த்துவிட்டு அகெய்ன் சொல்லாமல் போனாள், நான் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பரமேஸ்வரி அக்கா வந்தார். சேலைக்கு மேலே தடித்த கம்பளிக் கார்டிகன். கை நீளமென்று இரண்டு பக்கமும் மடித்து விட்டிருந்தார். ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி, ஒரு டப்பா கடலை வடை. படம் பார்க்க வந்தவர் மாதிரிக் கதிரையை என் முழங்கைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நான் கல்லை எடுத்து லென்ஸில் பார்த்தேன். நல்ல நீலம். ஆனால் உள்ளே, ஓரத்துக்குக் கிட்ட, நூல் மாதிரி ஒரு கீறு. அக்காவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அவருக்குப் பின்னால் நின்ற முதலாளி என் முகத்திலேயே அதைப் படித்துவிட்டார். ஏதோ சாட்டுச் சொல்லி, கல்லை அக்கா முன்னால் வைத்துவிட்டு வரச்சொல்லி என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, வாயைத் திறக்கவேண்டாம் என்று காதுக்குள் சொன்னார். அவர் பயமும் நியாயம்தான். கீறு விழுந்த நீலம் தோஷம் என்பார்கள். சாத்திரியார் வேண்டாம் என்றுவிடுவார், நாளைக்குக் காலையில் மோதிரம் இல்லை, மகனுக்குச் சோதனையும் போய்விட்டது, எல்லாம் எங்கள் தலையில் விழும். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் திரும்பி வந்து, கீறு இரண்டு நகங்களுக்கு நடுவே வரும்படி கல்லைத் திருப்பி வைத்தேன். நகம் அதன்மேல் அழுத்தினால் கல் பிளந்துவிடும்.

சும்மா சொல்லக்கூடாது, அக்கா நன்றாகப் பார்த்தார். என் மூச்சுக்கூட அவரைத் தாண்டித்தான் வெளியே போனது. இது என்ன, ஏன் அதைச் சுரண்டுகிறீர், உது பல்லுக்குத்துகிற சாமானோ என்று கேட்டபடி இருந்தார். இடையில் வடை தந்தார். எண்ணெய்க் கையால் கல்லைத் தொடமுடியாது என்றேன். அப்படியென்றால் வாயைத் திறவும் என்றார். திறந்தேன். ஒரு மனுஷி வடை ஊட்ட, நான் மென்றுகொண்டு முதல் நகத்தைத் தள்ளினேன்.

எதிர் நகத்தில் தள்ளுகோலை வைத்த நேரம் அக்காவின் மடியில் போன் அலறியது. அவர் திடுக்கிட்டார். அவருடைய முழங்கை என் முழங்கையில் இடித்தது. கல் பாய்ந்துவிட்டது.

அது விழுந்த சத்தமே கேட்கவில்லை. மரத்திலோ தரையிலோ பட்டிருந்தால் கேட்டிருக்கும். மோதிரத்தில் நான்கு நகங்களும் வெறுங்கூட்டைச் சுற்றி நின்றன. போனில் மகன், தன்னுடைய சாவி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா போனை நிறுத்தினார். எழும்பி நேரே கதவடிக்குப் போய், அதைச் சாத்தி, முதுகைக் கொடுத்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“கல்லு வரும்வரைக்கும் ஒருதரும் வெளியில போகேலாது.”

பரமேஸ்வரி அக்கா மோர்டனில் ஒரு சொல் சொன்னால் அது அம்மன் கோயில் பூசை முடியமுதல் வெஸ்ட் ஈலிங்குக்கு வந்துவிடும். கல்லை மாற்றிப்போட்டார்கள் என்ற அந்த ஒரு சொல் போதும். கடையை யாரும் எட்டியும் பார்க்கமாட்டார்கள். என்னை ஒரு பட்டறையிலும் உட்காரவிடமாட்டார்கள். கல்லை வைத்திருந்தது என் கைதானே.

முதலாளி கோட்டோடு முழங்காலில் விழுந்தார். தும்புத்தடியால் கூட்டிப் பார்த்தோம். வக்குவம் கிளீனரின் வாயில் என் வகுப்புக் காலுறையைக் கட்டித் தரை முழுதும் உறிஞ்சிப் பார்த்தோம். பழைய சுரைகளும் ஒரு பெனியும் வந்தன. யாரும் கேட்காமலே முதலாளி தன் பொக்கற்றுகளை வெளியே இழுத்துக் காட்டினார், பிறகு சப்பாத்தையும் கழற்றி உதறினார். ஒன்றும் இல்லை. கடைசியில் அவர், “அக்கா, என்னட்டை வேறை ஒரு நல்ல நீலம்...” என்று தொடங்கினார். அக்கா பார்த்த பார்வையில் மிச்சம் அவருடைய தொண்டைக்குள் போய்விட்டது.

நான் மேசைக்கடியில் தேடிவிட்டு முழங்காலில் நின்றபடியே நிமிர்ந்தேன். கட்டியிருந்த அக்காவின் கைகள் என் முகத்துக்கு நேரே இருந்தன. இடது கையில் கார்டிகனின் மடிப்புக்குள் ஏதோ நீலமாக மினுங்கியது.

இந்த இடத்தில்தான் நான் உங்களை நிறுத்தி வைத்துக் கேட்கப்போகிறேன். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? கையை நீட்டி எடுத்திருப்பீர்கள். எனக்கும் கை பாய்ந்தது. ஆனால் நான் தொட்டு எடுத்தால், என் கைக்குள் இருந்ததை அங்கே வைத்து எடுத்தேன் என்பார். ‘உங்களிடம்தான் இருக்கிறது’ என்று முதலாளிக்கு முன்னால் சொன்னால், என்னைக் கள்ளி என்கிறாயோ என்பார். நான் முழங்காலில் நின்றபடி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன், பொலிஸுக்கு முன்னால் நிற்பவள் மாதிரி. முதலாளி எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தாராம்.

“அக்கா, அசையாதேங்கோ. உங்கட இடக்கை மடிப்பை நீங்களே பாருங்கோ. நான் தொடேல்லை.”

அவர் குனிந்தார். மடிப்பை மெல்ல விரித்தார். கம்பளிக்குள் நீலக்கல் பத்திரமாகப் படுத்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. முதலாளி ‘அம்மாளாச்சி’ என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா கல்லை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். அவர் முகம் இளகவில்லை.

“இது என்ர கல்லுத்தான் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும், பிள்ளை?”

நியாயமான கேள்வி. அவ்வளவு நேரம் இரண்டு பேர் தரையில் உருண்டிருக்கிறோம். அதற்கு என்னிடம் ஒரேயொரு சாட்சிதான் இருந்தது. அது அந்தக் கீறு. தரையில் உட்கார்ந்தபடியே முதலாளி எனக்குக் கண்ணாலும் தலையாலும் வேண்டாம் வேண்டாம் என்றார். சொன்னால் மோதிரம் போகும். சொல்லாவிட்டால் பெயர் போகும். மோதிரத்தை இன்னொரு தடவை செய்யலாம் என்று எனக்குப் பட்டது. லென்ஸை அவரிடம் நீட்டினேன்.

“ஓரத்துக்குக் கிட்ட, உள்ளுக்குள்ளை, நூல் மாதிரி ஒரு கீறு இருக்கும், அக்கா. நான் பதிக்கமுதலே கண்டனான். அது இருந்தால் உங்கட கல்லு. இல்லாட்டில் பொலிஸைக் கூப்பிடுங்கோ.”

அக்கா லென்ஸை வாங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவருடைய வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்பு என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“கீறு எனக்குத் தெரியும். தம்பி அனுப்பேக்கையே சொன்னவன். நீங்கள் சொல்லுறியளோ எண்டுதான் காலமையிலயிருந்து பாத்துக்கொண்டிருந்தனான்.” கதவை விட்டு விலகி வந்து, குரலைத் தாழ்த்தினார். “சாத்திரியாருக்கு மட்டும் சொல்லிப்போடாதையும்.”

உடனே முதலாளி முழங்காலைத் தட்டிக்கொண்டு எழும்பி, தான் அதை முதலே சொல்லச் சொன்னதாகச் சொன்னார். நான் குனிந்து மேசையைத் துடைக்கத் தொடங்கினேன். சம்பளம் தருகிறவர்.

அன்று பின்னேரம் கல்லைப் பதித்து முடித்தேன். அக்கா கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார், போனை நிறுத்திப் பைக்குள் வைத்தார், கார்டிகனைக் கழற்றிக் கதவில் கொழுவினார். மோதிரத்தைக் காதோடு பிடித்துத் தட்டினேன். சத்தமில்லை. அவரும் வாங்கித் தன் காதில் தட்டிக் கேட்டார். பிறகு அந்தக் கார்டிகனிலேயே தேய்த்துப் பார்த்தார், ஒரு நூலும் இழுபடவில்லை. அடுத்த நாள் கோயிலில் மகனின் விரலில் அதைப் போட்டபோது அவர், ‘அம்மா, இட்ஸ் ஃபைன்’ என்று சொல்லிக் கையைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டாராம்.

அந்தச் சோதனையிலும் அவர் பெயில்தான். மோதிரம் இல்லாவிட்டால் ஆளுக்கு ஏதும் நடந்திருக்கும் என்று அக்கா சொன்னார். அதற்கு அடுத்த தடவை பாஸாகிவிட்டார். பாஸானதற்கு மோதிரம் காரணம், பெயிலானதற்கு மாஸ்டர் காரணம். இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

கல்லைக் கையில் வாங்கியதும் லென்ஸில் கண்டதைக் கண்டபடி சொல்லிவிடுங்கள் என்பதுதான் நான் இதில் படித்தது. முதலாளி பின்னால் நின்று தலையை ஆட்டினால் அவருக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுங்கள். தெறிப்பதைப் பிடிக்க மடியில் விரிக்கிற துணியை வாடிக்கையாளரின் மடிவரை விரியுங்கள், அதுவும் நான் அன்றைக்குப் பிறகுதான் செய்யத் தொடங்கினேன். ஆனால் இவற்றுக்காக மட்டும் நான் இவ்வளவு தூரம் கதை சொல்லவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சக் காலம் முன்பு பரமேஸ்வரி அக்கா மறுபடியும் வந்தார். மகனுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது, பெண் மட்டும் வரவில்லையாம். இந்த முறை மஞ்சள் புஷ்பராகம். நான் லென்ஸில் பார்த்து, சுத்தமான கல், ஒரு ஓரத்தில் சின்னப் புள்ளி இருக்கிறது என்றேன். ஓம், தெரியும் என்றார். வழக்கப்படி கதிரையை எடுத்து என் முழங்கைக்குப் பக்கத்தில் போட்டு, துணியை அதன்மேலும் விரித்துவிட்டேன். அவர் உட்காரவில்லை. கல்லை மேசையில் விட்டுவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார்.

“நீர் செய்யும், பிள்ளை. நான் போய் மரக்கறி வாங்கிக்கொண்டு வாறன்.”

கதவு சாத்திக்கொண்டது. அறையில் நானும் கல்லும் மட்டும். முதலாளிகூட வங்கிக்குப் போயிருந்தார். அவ்வளவு காலமும் எத்தனையோ பேர் கண் வெட்டாமல் பார்த்திருக்கப் பதித்த எனக்கு, பார்க்க ஒருவரும் இல்லாத அன்றைக்குத்தான் பயம் பிடித்தது. கல் பாய்ந்தால் எனக்குச் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்? அவர் திரும்பி வரும்வரை நான் தள்ளுகோலைத் தொடவேயில்லை.